ஒலி திடப்பொருளில் நன்றாகப் பயணிக்கும்... ஆனா எந்தத் திடப்பொருளில்?

சித்தேரி மலைப் பாறையிலும் ஜன்னல் கண்ணாடியிலும் ஒலியின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அது எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன. அந்த வித்தியாசம் நம்ம பாடப்புத்தகத்தில் ஏன் இல்லை?

"ஒலி காற்றைவிட நீரிலும், நீரைவிடத் திடப்பொருளிலும் வேகமாகச் செல்லும்." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியைச் சொல்லிவிடுவார்கள். காற்றில் விநாடிக்கு சுமார் 340 மீட்டர், நீரில் சுமார் 1,480 மீட்டர், கெட்டியான பாறையில் சுமார் 6,000 மீட்டர். வரியில் தப்பே இல்லை.

ஆனால் அது பாதிக் கதைதான். வேகமாக ஓடுகிற ஒருவர் ரொம்ப தூரம் ஓடுவார் என்று சொல்ல முடியுமா? ஒலிக்கும் அதே நிலைமைதான். எவ்வளவு வேகம் என்பது ஒரு கேள்வி, எங்கே போய்க் களைத்து நிற்கும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாவது கேள்வியில், அதுவும் கண்ணாடி மாதிரியான பொருட்களில், விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது இந்தச் சுவாரசியமான பாதியைத்தான்.

மலையும் கண்ணாடியும்: ஒரே சரக்கு, வேறு வேறு அடுக்கு

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து ஏறிப் போனால் வரும் சித்தேரி, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சேர்வராயன், கல்வராயன் மலைகளெல்லாம் அக்கம்பக்கத்துச் சொந்தங்கள். இந்த வட்டாரத்தின் முக்கியமான பாறை சார்னகைட். சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கும் அதே வகை. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்து, புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. வடதமிழகத்தின் இந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில், அவசரமே இல்லாமல் உருவானவை.

அவசரமில்லாததுதான் இங்கே முக்கியம். மெதுவாக ஆறும்போது அணுக்களுக்குத் தங்கள் இடத்தைத் தேடிப் பிடித்து வரிசையாக உட்கார நேரம் கிடைக்கிறது. அப்படி உட்கார்ந்தால் அது படிகம். சார்னகைட்டுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் மணி அப்படி ஒரு படிகம். சிலிக்கானும் ஆக்சிஜனும் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும்.

அதே சிலிக்கானையும் ஆக்சிஜனையும் உருக்கி, சட்டென்று ஆறவிட்டால்? வரிசை பிடிக்க நேரமில்லை. எங்கே இருந்ததோ அங்கேயே உறைந்துவிடும். அதுதான் சிலிக்கா கண்ணாடி. கையால் தட்டினால் திடப்பொருள். உள்ளே எட்டிப்பார்த்தால் திரவத்தின் குழப்பம் அப்படியே நிற்கும். பழைய தேவாலய ஜன்னல் கண்ணாடி நூற்றாண்டுகளாக மெல்ல வழிகிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் கதையை நம்ப வேண்டாம். கண்ணாடி வழியாது, அது திடப்பொருள்தான். ஒழுங்கில்லாத திடப்பொருள், அவ்வளவுதான்.

பிரேயர் வரிசையும் பஸ் ஸ்டாண்ட் கூட்டமும்

பள்ளி பிரேயரில் பிள்ளைகள் கை தூரம் விட்டு வரிசையாக நிற்கிறார்கள். கடைசிப் பையன் முன்னால் நிற்பவனை லேசாகத் தள்ளுகிறான். தள்ளு ஒவ்வொருவராகக் கடந்து, வரிசையின் முன்பக்கம் வரைக்கும் நேராகப் போய்ச் சேரும்.

அதே தள்ளு, கடைசி பஸ் வந்து நிற்கும்போது அரூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தால்? ஒருவர் இடப்பக்கம் சாய்வார், இன்னொருவர் பையோடு திரும்புவார், மூன்றாவது ஆள் குறுக்கே போவார். நாலைந்து பேரைத் தாண்டியதும் தள்ளு எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. சக்தி தொலைந்துபோகவில்லை, திசைதான் தொலைந்துபோனது.

கண்ணாடிக்குள் ஒலிக்கு நடப்பது கிட்டத்தட்ட இதுதான். படிகத்தில் அலை வரும்போது பக்கத்து அணுக்கள் ஒரே தாளத்தில் அசையும். கண்ணாடியில் ஒவ்வொரு அணுவுக்கும் அக்கம்பக்கம் வேறு வேறு. ஓரிடம் இறுக்கமாக இருக்கும், பக்கத்து இடம் தளர்வாக இருக்கும். அதனால் அலை வந்ததும் அணுக்கள் கோணலாக அசைகின்றன. நேராகப் போக வேண்டிய ஒலி கொஞ்சம் கொஞ்சமாக நாலாபக்கமும் சிதறுகிறது. இதற்குப் பெயர் ஒலி நலிவு.

வானம் நீலமா இருக்கிறதும் இதே கணக்குதான்

எல்லா ஒலியும் ஒரே அளவில் சிதறாது. 1871-ல் ராலே பிரபு, வானம் ஏன் நீலம் என்று விளக்கும்போது ஒரு கணக்குச் சொன்னார். அலைநீளத்தைவிட மிகச் சிறிய தடைகளில் அலை மோதினால், சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் ஏறும். அதாவது அதிர்வெண் இரண்டு மடங்கானால் சிதறல் 16 மடங்கு. பத்து மடங்கானால் 10,000 மடங்கு. சிவப்பைவிட நீலத்துக்கு அதிர்வெண் அதிகம், அதனால் நீலம் அதிகம் சிதறி வானம் முழுக்கப் பரவுகிறது.

இந்தக் கணக்குக்கு ஒளியா ஒலியா என்ற பேதம் கிடையாது. சித்தேரிப் பாறைக்குள் 10 ஹெர்ட்ஸ் நில அதிர்வு ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் சுமார் 600 மீட்டர். மில்லிமீட்டர் அளவிலுள்ள பாறை மணிகள் அதற்குக் கண்ணில்கூடத் தெரியாது. சிதறாமல் கடந்துவிடும். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நில அதிர்வு நிலையம் 1965-லிருந்து இயங்குகிறது. தென்னிந்தியாவின் பழைய, கெட்டியான பாறைத் தளத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடக்கும் அணுகுண்டுச் சோதனைகளின் அதிர்வை அதனால் பிடிக்க முடிகிறது. குறைந்த அதிர்வெண்ணும் கெட்டியான பாறையும் சேர்ந்தால் கிடைக்கும் வசதி அது.

அப்போ கண்ணாடியில்? காதுக்குக் கேட்கும் ஒலியில் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணாடி மணியைத் தட்டினால் அழகாகவே ஒலிக்கும். நம்ம காதுக்கு எட்டாத டெராஹெர்ட்ஸ் ஒலிக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. ஒரு டெராஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு லட்சம் கோடி அதிர்வுகள். அதன் அலைநீளம் சுமார் 6 நானோமீட்டர், அதாவது சில பத்து அணுக்களின் அகலம். கண்ணாடியின் குழப்பம் இருப்பதும் அதே நானோமீட்டர் அளவில்தான். தள்ளுவண்டிக்குக் குழியெல்லாம் தெரியும், ரோடு ரோலருக்குத் தெரியாது. அந்த மாதிரி.

வெப்பம் என்பதே ஒலிதான்

டெராஹெர்ட்ஸ் ஒலியை யார் எழுப்புகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் எழுப்ப வேண்டாம். பொருளுக்குள் இருக்கும் வெப்பமே அதுதான். அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. மின்சாரம் கடத்தாத திடப்பொருளில் வெப்பம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது இந்த நுண்ணிய ஒலி அலைகள் வழியாகத்தான். ஒலி சிதறினால் வெப்பமும் நகராது. சாதாரண அறை வெப்பநிலையிலேயே, குவார்ட்ஸ் படிகத்தோடு ஒப்பிட்டால் சிலிக்கா கண்ணாடி பல மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. மைனஸ் 263 டிகிரி செல்சியஸ், அதாவது 10 கெல்வின் பக்கம் போனால் அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. அணுக்கள் ஒன்றே, அடுக்கு மட்டும்தான் வேறு. அதை நினைத்தால் இந்த எண் ஆச்சரியமானது.

(டீக்கடை கிளாஸையும் எவர்சில்வர் டம்ளரையும் வைத்து இதை விளக்கத் தோன்றும். அது நேரடி ஒப்பீடு ஆகாது. எவர்சில்வர் உலோகம். அதில் எலெக்ட்ரான்களும் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்.)

1971-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸெல்லரும் போலும் பல கண்ணாடிகளைக் குளிரவைத்து அளந்தார்கள். வேறு வேறு பொருளால் ஆன கண்ணாடிகள் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொண்டன. அதே நேரத்தில் படிகங்களுக்கான விதி எதையும் மதிக்கவில்லை. 1972-ல் பிலிப் ஆண்டர்சன், பெர்ட்ராண்ட் ஹால்பெரின், இந்தியாவில் பிறந்த சந்திர வர்மா ஆகிய மூவரும், தனியாக பிலிப்ஸ் என்பவரும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கண்ணாடிக்குள் சில அணுக் கூட்டங்களுக்கு உட்கார இரண்டு இடங்கள் இருக்கும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வசதி. அவை இந்த இருக்கைக்கும் அந்த இருக்கைக்கும் மாறி மாறித் தாவும். அப்படித் தாவும்போது போகிற ஒலியின் சக்தியை வாங்கிக்கொள்ளும். இதை 'இரு நிலை அமைப்பு' என்கிறார்கள்.

விளக்கம் அளவீடுகளோடு நன்றாகப் பொருந்தியது. ஆனால் அந்த அணுக் கூட்டங்கள் உண்மையில் எவை, எல்லாக் கண்ணாடியிலும் ஏன் ஒரே மாதிரி என்பதில் ஐம்பது வருஷம் தாண்டியும் ஒருமித்த கருத்து இல்லை. சிதறல் கணக்கிலும் அப்படித்தான். 2016-ல் ஜெலின், தனாகா, லெமேத்ர் ஆகியோர் கணினிச் சோதனையில், கண்ணாடியில் ராலேயின் நான்காம் அடுக்கு விதி அப்படியே பொருந்தவில்லை, அதில் ஒரு திருத்தம் வேண்டும் என்றார்கள். அடுத்து வந்த குழுக்கள், போதுமான அளவு குறைந்த அதிர்வெண்ணுக்குப் போனால் பழைய விதி திரும்பி வருகிறது என்றார்கள். கண்ணாடியை எவ்வளவு பொறுமையாக ஆறவைக்கிறோமோ அந்த அளவுக்கு ஒலி குறைவாக நலிகிறது என்பதும் கணினியில் தெரியவந்தது. நலிவு கண்ணாடியின் பொருளை மட்டும் பொறுத்ததில்லை, அது உருவான வரலாற்றையும் பொறுத்தது.

சரி, இதெல்லாம் எதுக்கு?

நியாயமான கேள்வி. அதுவும் ரோடும் ஆம்புலன்ஸும் செல்போன் சிக்னலும் கேட்டு மனு கொடுக்கும் மலைக் கிராமங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெராஹெர்ட்ஸ் பற்றிப் பேசினால், கோபம்கூட வரலாம்.

சிக்னலிலிருந்தே தொடங்கலாம். இணையம் ஊருக்கு வருவது கண்ணாடி இழை வழியாக. கண்ணாடியில் உறைந்துபோன அதே குழப்பம் ஒளியையும் சிதறவைக்கும். அதனால்தான் நீண்ட தூர இழைகளில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அனுப்புவதில்லை, 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறார்கள். ராலே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 500 நானோமீட்டர் பச்சை ஒளி, அதைவிட சுமார் 90 மடங்கு அதிகம் சிதறும். கண்ணாடி இழையில் ஒளி ஏன் தேய்கிறது என்று 1966-ல் கணக்குப் போட்ட சார்லஸ் காவ்-க்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு அவரிடமும் யாராவது 'இதெல்லாம் எதுக்கு' என்று கேட்டிருக்கலாம்.

அடுத்தது, மத்திய அரசே பணம் போட்டிருக்கும் இரண்டு திட்டங்கள். மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் வரவிருக்கும் லைகோ-இந்தியா ஆய்வகத்துக்கு 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் இந்த வகைக் கருவிகள், புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சின்ன அசைவையும் அளக்க வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்கும் முக்கியமான தொந்தரவுகளில் ஒன்று, கண்ணாடிகளின் மேல் பூசிய ஒழுங்கற்ற ஆக்சைடு பூச்சுக்குள் நடக்கும் இந்த நுண்ணிய தாவல்கள்தான். அதே மாதத்தில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி. குவாண்டம் கணினியின் மீக்கடத்திச் சில்லுகளில் தகவல் சீக்கிரம் கலைந்துபோக, அவற்றின் ஒழுங்கற்ற ஆக்சைடு அடுக்கில் இருக்கும் அதே இரு நிலை அமைப்புகளும் ஒரு காரணம். 8,600 கோடி ரூபாய்க்கு மேல் போடும் இரண்டு திட்டங்கள், பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட அந்தப் பாதிக் கதையில் போய் முட்டி நிற்கின்றன.

ஆனாலும் பயன் இருந்தால்தான் அறிவியல் என்று ஒத்துக்கொண்டால் அதுவும் தப்பு. ராலே வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டபோது அவர் மனதில் ஃபைபர் கேபிள் இல்லை. எந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம்தான். அந்தச் சின்னப் பணத்திலும் 'உடனடிப் பயன்' இருக்கிற வரிசை முன்னால் போனால், கண்ணாடி மாதிரிக் கேள்விகள் எப்போதும் கடைசியில்தான் நிற்கும்.

ஒரே புத்தகம், நடுவில் பாலம் இல்லை

இங்கேதான் பள்ளிக்கூடம் வருகிறது. தமிழ்நாடு பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒளியியல் பாடத்தில் ராலே சிதறல் இருக்கிறது, நான்காம் அடுக்கு விதியோடு. அதே புத்தகத்தில் ஒலியியல் பாடமும் இருக்கிறது, எதிரொலி, டாப்ளர் விளைவு எல்லாத்தோடும். இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. ஒளி சிதறும் அதே விதியில் ஒலியும் சிதறும் என்று ஒரே ஒரு பத்தி போதும். இதற்குப் புதுப் பாடமோ கூடுதல் பரீட்சையோ வேண்டாம்.

சித்தேரி மலையில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் பெரிய ஆய்வகம் இல்லாவிட்டாலும் இதைச் செய்து காட்ட முடியும். நீளமான மர பெஞ்சின் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டு மறுமுனையை நகத்தால் சுரண்டச் சொல்லுங்கள், கேட்கும். அதே நீளத்துக்கு மணலைப் பரப்பி அதில் ஒரு மூலையில் சுரண்டினால், மறுமூலையில் ஒன்றும் வராது. மணலில் உராய்வும் சேர்ந்து வேலை செய்வதால் இது கண்ணாடியின் அச்சு நகல் இல்லை. ஆனால் 'திடப்பொருள் என்றாலே ஒலி நன்றாகப் போகும்' என்ற வரியை ஒரு பிள்ளை சந்தேகப்பட, இதுவே போதும். அந்தச் சந்தேகம்தான் அறிவியலின் முதல் படி.

"வாத்தியாருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, இதுல இது வேறயா" என்ற எதிர்வாதம் வரும். அதில் நியாயம் இருக்கிறது. எமிஸ் பதிவேற்றத்திலிருந்து தேர்வுப் பயிற்சிவரை அவர்கள் தலையில் இருக்கும் சுமை கொஞ்சமில்லை. அதனால்தான் இந்த வேலையை ஆசிரியர் மேல் மட்டும் போட்டுவிடக் கூடாது. சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்திலும், பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்திலும், ஹைதராபாத் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் கண்ணாடி நிலைப் பொருட்களைப் பற்றி உலகம் கவனிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. இவை பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு நிறுவனமும் தங்கள் ஆய்வில் ஒன்றே ஒன்றை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, பள்ளிக் கல்வித் துறையிடம் கொடுத்தால் என்ன? ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை வெளியிடுவது அவர்கள் வேலை என்றால், வரி கட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு அதைப் புரியவைப்பதும் அவர்கள் வேலைதான்.

முடிந்துபோன அறிவியல் என்று ஒன்று இல்லை

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் ஒளிச் சிதறலுக்காக நோபல் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் நாகேந்திர நாத்தும் 1930-களின் நடுவில், திரவத்தில் போகும் மீயொலி அலைகள் ஒளியை எப்படி வளைக்கின்றன என்று எழுதிய கோட்பாடு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மிருதங்கத்தின் நாதத்தையும் அவர் ஆராய்ந்தார். ஒலியையும் ஒளியையும் தனித்தனி அத்தியாயமாக அவர் பார்க்கவில்லை. அவர் பெயரில் பிப்ரவரி 28-ந்தேதி தேசிய அறிவியல் தினம் கொண்டாடுகிறோம், வினாடி வினா நடத்துகிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம். ஆனா அவர் பார்த்த விதத்தைப் பாடப்புத்தகத்துக்குள் கொண்டுவரவில்லை.

பாடப்புத்தகத்தின் பெரிய குறை தகவல் பற்றாக்குறை இல்லை. எல்லாம் கண்டுபிடித்தாச்சு, இனி மனப்பாடம் பண்ணினால் போதும் என்ற எண்ணத்தை அது உண்டாக்குவதுதான் குறை. வசதியான ஊர்ப் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை உடைக்க யூடியூப், கோளரங்கம், அறிவியல் கண்காட்சி என்று பல வழி இருக்கிறது. மலையில் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தப் புத்தகம்தான் ஒரே ஜன்னல். அந்த ஜன்னலில் "இங்கே ஒரு கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது" என்று எழுதியிருக்க வேண்டும்.

காலடியில் 250 கோடி வருஷப் படிகம், கையில் நேற்று உருக்கிய கண்ணாடி வளையல். இரண்டிலும் ஒலி ஏன் வேறு மாதிரி தேய்கிறது என்று ஒரு சித்தேரிச் சிறுமி கேட்டால், "அது சிலபஸ்ல இல்லம்மா" என்று சொல்லக் கூடாது. "உலகத்தில் இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது, நீ கண்டுபிடி" என்பதுதான் நேர்மையான பதில்.